முக்கால் பவுன்

ஜூலை 3, வியாழன்

என் பிக்கிள்பால் மட்டையில் ஒட்டுவதற்கான டேப் வந்துவிட்டது. அரை அங்குல அகலம், காரீயம், பின்பக்கம் பசை. விலையைக் கேட்ட அப்பா, காரீயத்துக்கு இந்தப் பணம் கொடுத்த ஆளை வடசேரியில் இதுவரை கண்டதில்லை என்றார். பிறகு அவரே மின்தராசை எடுத்து வைத்து, மட்டையை அதன்மேல் கிடத்தினார். 224 கிராம். "இருபத்தெட்டு பவுன் மக்ளே" என்று உடனே கணக்குச் சொன்னவர், இதைவிடக் கனமான அட்டிகையெல்லாம் செய்து கொடுத்திருப்பதாகவும் சேர்த்துக்கொண்டார்.

ஜூலை 4, வெள்ளி

திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

தோவாளைக் கோர்ட்டில் இன்று காற்றோடுதான் ஆட்டம். ஆடி பிறக்கவில்லை, அதற்குள் இந்தப் போடு போடுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிப் பாய்ந்து, முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றப் போகும் வழியில் எங்கள் பந்தையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போகிறது. பிக்கிள்பால் பந்து அதிகபட்சம் 26.5 கிராம்தான்; உடம்பெல்லாம் துளை. நடுவில் வாங்கிவிடலாம் என்று மட்டையைக் காட்டினால், வந்து சேரும் கடைசிக் கணத்தில் ஓர் அங்குலம் விலகி ஓரத்தில் படுகிறது. ஓரத்தில் பட்டதும் மட்டை கைக்குள் புரள்கிறது. தடுத்து அனுப்ப வேண்டிய பந்து வலையில் விழுகிறது, அல்லது எதிராளி அடிப்பதற்கு வாகாக மேலே எழும்புகிறது. வலைக்கு ஏழடி தள்ளியிருக்கும் கிச்சன் கோட்டில் நான்கு பேரும் நின்று மாறி மாறி அடிக்கும்போது இது கண் இமைப்பதற்குள் நடந்து முடிந்துவிடும்.

பிடியை இறுக்கு என்கிறார் கூட ஆடும் முட்டத்து அக்கா. இறுக்கினால் மட்டை புரளாது, உண்மைதான். ஆனால் மெல்லத் தட்டி விடும் பந்துகள் எல்லாம் விறைத்துப் போய் நீளமாக விழுகின்றன, இரவில் முழங்கையின் வெளிப்புறம் தூங்க விடுவதில்லை. தளர்ந்த பிடி, புரளாத மட்டை என்று இரண்டும் எனக்கு ஒருசேர வேண்டும். டேப் வாங்கியது அதற்காகத்தான்.

ஜூலை 8, செவ்வாய்

அழைப்பு இல்லை. நாமே கூப்பிட்டுக் கேட்கலாமா என்றேன். அப்பா வேண்டாம் என்றார்.

ஜூலை 10, வியாழன்

எடை கூடினால் மட்டை நிலையாக நிற்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். காணொளிகளில் விளிம்பு முழுக்கச் சுற்றி ஒட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எவ்வளவு ஒட்டுகிறோம் என்பதைவிட எங்கே ஒட்டுகிறோம் என்பதே முக்கியம். அதை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம்.

கைப்பிடியின் அடியிலிருந்து மட்டையின் உச்சிவரை நடுவே ஒரு கோடு இழுத்தால், ஓரத்தில் பந்து படும்போது மட்டை அந்தக் கோட்டைச் சுற்றித்தான் புரளும். அதை எதிர்க்கும் திறனைத்தான் ட்விஸ்ட் வெயிட் என்கிறார்கள். ஒட்டிய எடையை, நடுக்கோட்டிலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால், அந்த எடையால் கூடியது எவ்வளவு என்பது தெரிந்துவிடும். என் மட்டையின் அகலம் 7.5 அங்குலம், ஆகவே நடுக்கோட்டிலிருந்து விளிம்பு 9.5 செ.மீ. தொலைவில் இருக்கிறது. கடிகார முகமாக நினைத்துக்கொண்டு, மூன்று மணி இடத்தில் மூன்று கிராமும் ஒன்பது மணி இடத்தில் மூன்று கிராமும் ஒட்டினால், ட்விஸ்ட் வெயிட், கிலோவையும் செ.மீ. வர்க்கத்தையும் பெருக்கும் கணக்கில், 0.54 கூடும். கடையில் கிடைக்கும் மட்டைகள் பெரும்பாலும் 5-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும். 6 என்று வைத்துக்கொண்டால் ஒன்பது விழுக்காடு உயர்வு. மொத்த எடையோ மூன்று விழுக்காடுகூடக் கூடவில்லை. வர்க்கம் செய்யும் வேலை இது.

அதே ஆறு கிராமை உச்சியில், பன்னிரண்டு மணி இடத்தில் ஒட்டினால் என்ன ஆகும்? அங்கே டேப் நடுக்கோட்டை ஒட்டியே கிடப்பதால், புரள்வதைத் தடுக்க மிகச் சிறிதளவே உதவும். ஆனால் வீசும்போது கை உணரும் பளு, அதாவது ஸ்விங் வெயிட், நன்றாக ஏறிவிடும். கைப்பிடியின் அடியிலிருந்து 5 செ.மீ. மேலே அச்சை வைத்துக் கணக்கிட்டால், என் மட்டையில் உச்சிக்கு 8-க்குச் சற்று மேல் கூடுகிறது, பக்கவாட்டுக்கு மூன்றரைதான். ஓங்கி அடிக்கிறவர்கள் உச்சியில் ஒட்டிக்கொள்ளட்டும், எனக்கு வேண்டாம். பத்து மணி, இரண்டு மணி இடங்களில் ஒட்டினால் இரண்டும் கூடும். கைப்பிடி தொடங்கும் கழுத்தருகே ஒட்டினால் கைக்குச் சுமை தெரியாது, ஆனால் மட்டை அங்கே குறுகிவிடுவதால் நிலைப்பும் கொஞ்சம்தான் கிடைக்கும்.

துண்டுகளை வெட்டி அப்பாவிடம் கொடுத்தேன். அளவுகோலில் சரியாக மூன்று அங்குலம் இருந்த இரண்டும் தராசில் 3.04, 2.91 என்று காட்டின. நுனியைச் சீவிச் சமப்படுத்தும் வரை அவர் விடவில்லை. "ரெண்டும் சேந்து முக்கால் பவுன்" என்றார். கத்தரியை நான்தான் பிடித்தேன். அவருடைய வலது கை இன்று சொன்னபடி கேட்கவில்லை.

ஜூலை 12, சனி

ஒட்டிய பிறகு முதல் ஆட்டம். பந்து ஓரத்தில் பட்டாலும் மட்டை முகம் திரும்பவில்லை. நடுவில் பட்டதைப் போலப் பந்து ஓடிப் போவதில்லை, சற்றுக் குட்டையாகத்தான் விழுகிறது. ஆனாலும் வலையைக் கடந்து கிச்சனுக்குள் இறங்கிவிடுகிறது. எனக்கு அது போதும். வேகமாக மாறி மாறி அடிக்கும்போது மட்டையை இடமிருந்து வலம் கொண்டுவர மயிரிழை தாமதம் ஆவது தெரிகிறது. சர்வீஸில் ஒரு மாற்றமும் இல்லை.

எதிரில் ஆடிய தக்கலைத் தம்பி, இதெல்லாம் விதிப்படி செல்லுமா என்று கேட்டான். செல்லும். மட்டையின் நீளம் 17 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, நீளமும் அகலமும் சேர்ந்து 24 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்றுதான் அமெரிக்கப் பிக்கிள்பால் சங்கத்தின் விதி சொல்கிறது. எடைக்கு வரம்பே இல்லை, ஈய டேப்புக்கு அனுமதி உண்டு. தோற்கிறவனுக்குத்தான் விதிப் புத்தகம் நினைவுக்கு வருகிறது.

ஜூலை 15, செவ்வாய்

அவர்களாகவே கூப்பிட்டு, இன்னொரு பரிசோதனை என்று வரச் சொன்னார்கள். காலை ரயிலில் திருவனந்தபுரம். உள்ளே அப்பாவை மட்டும் அழைத்தார்கள். வெளியில் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வேறு எதை நினைத்தாலும் கெட்டதாகவே வருகிறது.

இந்த விளையாட்டு 1965-இல் வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில், ஒரு பழைய பேட்மிண்டன் கோர்ட்டில் தொடங்கியது. அதனால்தான் 44 அடி நீளம், 20 அடி அகலம் என்ற அளவு ஷட்டில் இரட்டையர் கோர்ட்டோடு அப்படியே பொருந்துகிறது. தோவாளையில் எங்களுக்குப் புதிதாகக் கோடு போடும் வேலையே அதிகம் இருக்கவில்லை, வலையை நடுவில் 34 அங்குலத்துக்கு இறக்கினோம், கிச்சனுக்கு ஏழடியில் கோடு போட்டோம், முடிந்தது. முதலில் டேபிள் டென்னிஸ் மட்டை, பிறகு ஒட்டுப்பலகையில் அறுத்த மட்டை. 1984-இல் போயிங் பொறியாளர் ஆர்லன் பரன்டோ, விமானத் தளத்துக்குப் பயன்படும் தேன்கூட்டு அறைப் பலகையை வைத்து மட்டை செய்தபோதுதான் எடை குறைந்தது. அவர் பாடுபட்டுக் கழித்த எடையில் ஒரு பங்கை நான் காசு கொடுத்துத் திரும்ப ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

டென்னிஸில் இதே சிக்கலை ஹோவர்ட் ஹெட் வேறு வழியில் தீர்த்தார். பந்து ஓரத்தில் பட்டால் மட்டை கையில் சுழல்கிறதே என்று யோசித்தவர், தலையையே அகலமாக்கினார். 1976-இல் பிரின்ஸ் நிறுவனத்தின் பெரிய தலை மட்டை வந்தது. அதே வர்க்கக் கணக்குதான்: விளிம்பை நடுக்கோட்டிலிருந்து தள்ளி வைத்தால், எடை கூட்டாமலே நிலைப்பு கூடிவிடும். அப்படிப் பார்த்தால் 8 அங்குல அகல மட்டையை வாங்கியிருந்தால் டேப்பே வேண்டியிருக்காது என்று தக்கலைத் தம்பி சொல்வான். ஆனால் 24 அங்குல வரம்புக்குள் அகலம் கூடினால் நீளம் குறைய வேண்டும். எட்டாத பந்துக்கு எட்ட என் உயரத்துக்கு அந்த அரை அங்குலம் தேவை.

அப்பா வெளியே வந்ததும், "டேப்பு இளகிச்சா?" என்று கேட்டார். உள்ளே என்ன சொன்னார்கள் என்று நான் கேட்டதற்கு, சொல்வார்களாம் என்றார்.

ஜூலை 16, புதன்

கனமான கரண்டியில் சாப்பிடக் கொடுத்துப் பாருங்கள், நடுக்கம் சற்று அடங்கலாம் என்று நேற்று அங்கே ஒருவர் சொன்னது இன்றுதான் எனக்கு உறைக்கிறது. எடை கைப்பிடியில் இருக்க வேண்டுமா, நுனியில் இருக்க வேண்டுமா என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. முட்டத்து அக்கா என் மட்டையை வாங்கி ஆடிப் பார்த்துவிட்டு, தனக்கும் வேண்டும் என்றார். டேப்பின் விலையைச் சொன்னதும் சிரித்தார். மறுபடி வந்தபோது ஒரு பொட்டலம் நிறைய வீச்சுவலையில் கோக்கும் ஈய மணிகள். "மணிய நடுவுல கெட்டுனா வலை விரியுமா? ஓரத்துலதான் கெட்டணும்" என்றார். நான் ஒரு பக்கம் முழுக்கப் பெருக்கிக் கண்டதை அவர் இப்படி முடித்துவிட்டார்.

ஜூலை 20, ஞாயிறு

மணிகளைத் தகடாக்கித் தர முடியுமா என்று அப்பாவிடம் கேட்டேன். பட்டறைப் பலகையின் பக்கம் அதைக் கொண்டுவரவே விடவில்லை. பொன்னில் கொஞ்சம் காரீயம் கலந்தாலும் போதும், பொன் தன் குணம் கெட்டு, அடித்தால் நொறுங்கிவிடும். அரத்தில் ஒட்டிய தூள்கூட அடுத்த நகைக்குள் போய்விடும் என்றார். கோவில் நகை செய்த கைக்கு அந்தப் பயம் போகாது. வேலையை விட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது, அந்தப் பலகையில் இனி எந்த நகையும் வரப்போவதில்லை என்று நான் சொல்லவில்லை.

கடைசியில் கொல்லைப்புறத்துத் துணி துவைக்கும் கல்லில், தேங்காய் உரிக்கும் இடத்தில் கிடந்த பழைய சுத்தியலால் அடித்தார். காரீயத்துக்குச் சூடு காட்ட வேண்டியதில்லை, குளிர்ந்தபடியே பரவும். உருக்கினால் புகை ஆகாது என்று அதற்கும் எச்சரித்தார். அடிக்கும்போது கை நடுங்கவில்லை. சுத்தியல் மேலே போகும்போது நடுங்குகிறது, இறங்கும்போது இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மணி வெற்றிலைபோல் விரிந்ததும், அரை அங்குலப் பட்டையாக நறுக்கினோம். தராசில் ஒவ்வொன்றும் இரண்டரை கிராமுக்குப் பக்கத்தில். கடை டேப்பைப் போல ஒரே சீராக இல்லை, அங்கங்கே மேடு பள்ளம். இருபக்கமும் ஒட்டும் டேப்பை அடியில் வைத்து, மேலே விளிம்பு டேப் சுற்றினால் தெரியாது.

வேலை முடிந்ததும் இருவரும் சோப்புப் போட்டு இருமுறை கை கழுவினோம். கடை டேப்பும் நாளாக நாளாகக் கறுத்து விரலில் ஒட்டும், வியர்வை பட்டால் இன்னும் மோசம். அதை மூடாமல் ஆடுகிறவர்கள், ஆட்டம் முடிந்ததும் அதே கையால் வாழைக்காய் பஜ்ஜி எடுப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. டங்ஸ்டன் டேப்பில் இந்தத் தொல்லை இல்லை, காரீயத்தைவிட அடர்த்தியும் மிக அதிகம் என்பதால் மெல்லியதாகவும் இருக்கும், விலைதான் ஆகாது.

ஜூலை 21, திங்கள்

முழங்கை வலி குறைந்திருக்கிறது. தளர்ந்த பிடியால்தான் என்று நினைக்கிறேன். ஆறு கிராமுக்கு மேல் போகக் கூடாது.

ஜூலை 22, செவ்வாய்

எட்டு கிராம் ஆக்கினால் என்ன?

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. கன்னியாகுமரிச் சாலை முழுக்க வண்டிகள். தாத்தாவுக்குத் தர்ப்பணம் செய்ய முக்கடல் சங்கமத்துக்குப் போகவேண்டும் என்று விடியுமுன்பே அப்பா எழுந்துவிட்டார். தண்ணீரில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்; அலை வந்தபோது பிடியை இறுக்கவில்லை. திரும்பும் வழியில் அலைபேசியை எடுத்து எடுத்துப் பார்த்தது நான்தான்.

மாலை ஆட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை. ஒன்பது மணி இடத்தில் டேப்பின் நுனி கிளம்பியிருந்தது. வியர்வை உப்பு. பிரித்து, விளிம்பை ஸ்பிரிட்டால் துடைத்து, காய விட்டு, புதுத் துண்டு ஒட்டினேன். துடைக்காமல் ஒட்டினால் இந்த ஊர் ஈரத்துக்கு நிற்காது.

ஜூலை 26, சனி

அக்காவின் மட்டை அகலமானது, 8 அங்குலம். விளிம்பு 10 செ.மீ.க்குச் சற்று மேல் தள்ளியிருப்பதால் அவருக்கு ஐந்து கிராமே என்னுடைய ஆறுக்குக் கிட்டத்தட்ட ஈடாகும். அதற்கு மேல் ஒட்டச் சொல்லிக் கேட்டால் மறுத்துவிட வேண்டும், அவருக்குத் தோளில் பழைய வலி இருக்கிறது. இடது பக்கத் துண்டை ஒட்டிவிட்டேன். வலது பக்கத்துக்கு எடுத்த பட்டை 2.7 காட்டியது, அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நுனியைச் சீவிக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தது. திங்கள் காலை ஒன்பது மணிக்கு வரவேண்டும், கூட ஒருவரும் வரவேண்டும் என்கிறார்கள். அப்பா, "சரி" என்றார். பிறகு, இன்னும் ஒரு நெல்லிடை கூடுதலாக இருக்கிறது, கத்தரியை எடு என்றார்.