சம்பளம் நின்ற பிறகு: எந்தக் கடனை முதலில் கட்டுவது?

சம்பளம் நின்றதும் வீட்டில் நடக்கும் முதல் தவறு, யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் கட்டுவது. கிரெடிட் கார்டு வசூல்காரர் ஒரு நாளில் பத்து முறை அழைப்பார். வீட்டுக்கடன் கொடுத்த வங்கியோ முதல் இரண்டு மாதம் குறுஞ்செய்தியோடு நிறுத்திக்கொள்ளும். கையிருப்பெல்லாம் கார்டுக்குப் போய், மூன்றாம் மாதம் வீடு சிக்கலில் நிற்கும். கட்டாவிட்டால் எது கைவிட்டுப் போகும் என்று பார்த்துத்தான் வரிசை போட வேண்டும். இதைக் கடந்து வந்தவர்கள் என்ற முறையில் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறோம்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். கடனுக்கு ஒரு பக்கம். கொடுத்தவர், அசல் பாக்கி, வட்டி, தவணைத் தேதி, அடமானம் என்ன, ஜாமீன் யார், காசோலை கொடுத்திருக்கிறோமா, புரோநோட் எழுதியிருக்கிறோமா என்று எழுதுங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். சிபில் அறிக்கையை இறக்கி நோட்டோடு ஒப்பிடுங்கள். கைமாற்று, சீட்டுப் பாக்கி, மகளிர் குழுக் கடன் ஆகியவையும் நோட்டில் வர வேண்டும். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் மறைத்த கடன் எதுவும் இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுவது நல்லது. பாதிக் கணக்கை வைத்துப் போடும் எந்தத் திட்டமும் இரண்டு மாதம்கூடத் தாங்காது.

வரிசையில் அரிசி, வாடகை, மின்கட்டணம், மருந்து, பள்ளிக் கட்டணம், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் எல்லாம் கடனுக்கு முன்னால் வரும். அடுத்து வீட்டுக்கடன், நகைக்கடன். அதற்கடுத்து, இன்னொருவர் ஜாமீன் போட்ட கடனும் நாம் காசோலை கொடுத்த கடனும். அடமானமில்லாத பர்சனல் லோனும் கார்டும் கடைசியில்தான். காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் கிரிமினல் வழக்கு வரும். அறிவிப்பு கையில் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டிவிட்டால் வழக்கு எழாது. தானியங்கித் தவணை பணமில்லாமல் திரும்பினாலும், 2007ஆம் ஆண்டின் பணப்பரிமாற்ற முறைமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் அதே வகை வழக்கு உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை.

கார்டில் குறைந்தபட்சத் தொகை கட்டிக்கொண்டே போவது எவ்வளவு பெரிய ஓட்டை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பாக்கி 1,00,000 ரூபாய், வட்டி மாதம் 3.5 சதவீதம் என்றால் 3,500. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 630. ஆக 4,130. ஐந்து சதவீதமாக 5,000 கட்டினால் அசலில் குறைவது 870 ரூபாய்தான். வருமானம் இல்லாத வீட்டில் இந்த 5,000 ரூபாய்க்கு வேறு வேலை இருக்கிறது.

வேலை போன இடத்திலிருந்து வர வேண்டியதை முதலில் வாங்குங்கள். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அந்தத் தொகை 26,000 ரூபாய், பணிக்காலம் எட்டு வருடம் என்றால் 1,20,000. பிஎஃப் பணம் கணக்கில் இருக்கும்வரை எந்தக் கடன்காரரும் அதை ஜப்தி செய்ய முடியாது. அதனால்தான் அதை மொத்தமாக எடுத்துப் பர்சனல் லோனில் கொட்டுவதை நாங்கள் பெரிய தவறு என்கிறோம். சட்டமே காப்பாற்றி வைத்திருக்கும் பணம் அது, ஆறு மாதச் சாப்பாட்டுக்கு. ஐந்து வருடத் தொடர் பணி முடியாமல் எடுத்தால் வரிப்பிடித்தமும் உண்டு.

கையோடு இன்னொன்றும் செய்யுங்கள். கடன் வாங்கிய வங்கியிலேயே சேமிப்புக் கணக்கும் இருந்தால், அதிலிருக்கும் பணத்தை வங்கி கடனுக்கு எடுத்துக்கொள்ள முடியும். பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த தொகை ஒரே இரவில் போய்விடும். எந்தக் கடனும் இல்லாத வேறொரு வங்கியில் கணக்கு திறந்து, வீட்டுச் செலவுப் பணத்தை அங்கே வையுங்கள்.

இனி வீட்டுக்கடன். தவணை தவறி 30 நாள், 60 நாள், 90 நாள் என்று வங்கி படிப்படியாகக் குறித்துக்கொண்டே வரும். 90 நாள் தாண்டினால் வாராக்கடன், அதாவது என்.பி.ஏ. நாள் எண்ணுவது கட்டாமல் விட்ட மிகப் பழைய தவணையிலிருந்து. எனவே இரண்டு தவணை பாக்கி விழுந்து மூன்றாவது வரப்போகிறது என்றால், ஒரே ஒரு தவணை கட்டினாலும் அது பழைய பாக்கியில் வரவாகி, கணக்கு 90 நாளைத் தொடாமல் நிற்கும். ஒருமுறை என்.பி.ஏ. ஆகிவிட்டால் நிலுவை முழுவதையும் கட்டினால்தான் பழைய நிலைக்குத் திரும்பும். கையில் ஒரு தவணைக்கான பணம் மட்டும் இருந்தால் அது எந்த நாளில் எங்கே போக வேண்டும் என்பதை இந்த ஒரு விதிதான் முடிவு செய்கிறது.

தவணை தவறும் முன்பே கிளை மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள்: வேலை போன தேதி, பணிநீக்கக் கடித நகல், எத்தனை மாத அவகாசம் வேண்டும், இப்போது மாதம் எவ்வளவு கட்ட முடியும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கவுண்டரில் வாயால் சொன்னது எதற்கும் பின்னால் சாட்சி இருக்காது. தவணைக் காலத்தை நீட்டுவதால் பெரிய விடிவு வரும் என்று நம்பிவிட வேண்டாம். 30 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் தவணை சுமார் 26,035. அதை 30 வருடமாக்கினாலும் 23,067 வரும். மாதம் மூவாயிரத்துக்குப் பத்து வருடம் கூடுகிறது. சில மாதம் தவணையைத் தள்ளிவைக்கவோ வட்டியை மட்டும் கட்டவோ கேட்பதுதான் உடனடி நெருக்கடிக்குப் பயன்படும். இப்படி மறுசீரமைத்தது சிபிலில் பதிவாகும், அதையும் தெரிந்தே கேளுங்கள்.

என்.பி.ஏ. ஆன பிறகு அடமானச் சொத்தை நீதிமன்ற வழக்கில்லாமலே எடுக்க வங்கிக்கு வழிதரும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, கடனைக் கட்டச் சொல்லி 13(2) பிரிவு நோட்டீஸ் வரும். 60 நாள் அவகாசம். இதை வாங்க மறுப்பதும் பிரிக்காமல் பரணில் வைப்பதும் நமக்கே கேடு. பதில் எழுதும் உரிமை அப்போதுதான் இருக்கிறது. வட்டிக் கணக்கு, கட்டியும் வரவு வைக்காத தொகை, அபராதக் கட்டணம் எல்லாவற்றையும் கேட்டு ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். 60 நாள் முடிந்ததும் 13(4)இன்படி கதவில் உடைமை நோட்டீஸ் ஒட்டி, இரண்டு நாளிதழ்களில் வெளியிடுவார்கள். அது காகிதத்தில் எடுக்கும் உடைமை. ஆளை வெளியேற்றிச் சாவி வாங்க, பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ மனுப் போடுவார்கள். விற்பனைக்கு 30 நாள் நோட்டீஸ் தேவை. 13(4) நடவடிக்கையிலிருந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டில் அது சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. சாதாரண சிவில் நீதிமன்றத்துக்கு இதில் அதிகாரமில்லை. அங்கே தடையாணை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

ஒரு வருடத்துக்குள் தவணையை மீண்டும் தொடங்க வழியே தெரியவில்லை என்றால், ஏலத்துக்கு முன் வீட்டை நாமே விற்றுவிடுவதுதான் எங்கள் தீர்மானமான கருத்து. வங்கியில் கடன் முடிப்புத் தொகைக் கடிதமும் ஆவணப் பட்டியலும் வாங்கி, வாங்குபவர் நேரடியாகக் கடன் கணக்கில் கட்டி, மீதியை நம்மிடம் கொடுத்துப் பத்திரம் முடிக்கலாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனுக்கு முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம் கிடையாது. ஏலத்தில் பெரும்பாலும் விலை குறையும், செலவும் நம் தலையில் விழும்.

நகைக்கடனில் எல்லாவற்றையும் காப்பாற்றப் பார்த்து எல்லாவற்றையும் இழப்பது சாதாரணமாக நடக்கிறது. ஆறு உருப்படி அடகில் இருந்தால் இரண்டை மீட்டு விற்று, அந்தப் பணத்தில் மற்றவற்றின் கடனைக் குறையுங்கள். ஏலம் போனால் கடன் போக மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும். கணக்குச் சீட்டை எழுதிக் கேளுங்கள்.

வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. குழுக்கடனுக்கு அந்த நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை. குறித்த கூடுகைக்கு இரண்டு முறை தொடர்ந்து வராதபோதுதான் வீடு தேடி வரலாம். வருபவரிடம் அடையாள அட்டையும் நிறுவனக் கடிதமும் கேளுங்கள். தேதி, நேரம், பேசியது எல்லாம் நோட்டில் எழுதுங்கள். நிறுவனத்துக்குப் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். செலவில்லை, எண் 14448. தொலைபேசிப் பட்டியலை எடுத்து உறவினருக்குப் படம் அனுப்பி மிரட்டும் செயலிகள் மீது 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். குழந்தைகளைக் கதவு திறக்க விடாதீர்கள். இரவில் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வீட்டில் யாருக்கு வந்தாலும் உடனே 14416 எண்ணில் பேசுங்கள், பக்கத்து வீட்டையாவது எழுப்புங்கள். கடனுக்கு நோட்டீஸ் உண்டு, அவகாசம் உண்டு, பேரம் உண்டு.

கந்துவட்டி வாங்கி வங்கித் தவணை கட்டுவது மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். ஏற்கெனவே சிக்கியிருந்தால், 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டம் நாள்வட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர்வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடை செய்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. இனிக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயையும் வங்கி வழியாகவே கொடுங்கள். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். புரோநோட் கடனுக்குக் காலவரம்பு மூன்று வருடம். ஆனால் அதற்குள் பின்பக்கம் ஐந்நூறு ரூபாய் வரவு எழுதிக் கையெழுத்திட்டாலும் மூன்று வருடம் புதிதாகத் தொடங்கும்.

பர்சனல் லோன், கார்டு பாக்கி என்.பி.ஏ. ஆன பிறகு ஒரே தவணைத் தீர்வுக்கு நிறுவனமே அழைக்கும். முதல் தொகைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். நிறுவனத்தின் கடிதத் தாளில் கணக்கு எண், தீர்வுத் தொகை, கட்ட வேண்டிய தேதி, மீதி தள்ளுபடி என்ற வாசகம் நான்கும் வந்த பிறகே கட்டுங்கள், அதுவும் கடன் கணக்கிலேயே. முகவரின் சொந்த எண்ணுக்கு அனுப்பியது வரவாகாது. ஒரு நாள் தவறினாலும் தீர்வு ரத்தாகலாம். சிபிலில் ‘முடிந்தது’ என்று வராது, ‘தீர்வு செய்யப்பட்டது’ என்று வரும். அடுத்த கடன் கிடைப்பது கடினமாகும். மக்கள் நீதிமன்றத்தில் பேசினால் அங்கே எழுதும் தீர்வு இறுதியானது, மேல்முறையீடு இல்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு.

மஞ்சள் கடுதாசி, அதாவது திவால் மனு, கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்ற எண்ணம் ஊரில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் தனிநபர் பகுதி, நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்கு இன்னும் பழைய சட்டங்கள்தான்: மாவட்டங்களில் 1920ஆம் ஆண்டுச் சட்டப்படி சார்பு நீதிமன்றத்தில் ஐ.பி. மனு (திவால் மனு), சென்னையில் 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி உயர் நீதிமன்றத்தில். நொடித்தவர் என்று அறிவித்ததும் சொத்து, நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போகும். வீடும் நகையும் அடமானத்தில் இருந்தால் அந்தக் கடன்காரரின் உரிமை அப்படியே இருக்கும். அரசுக்குச் செலுத்த வேண்டியதும் மோசடியால் வந்த கடனும் ஜீவனாம்சமும் கழியாது. மனுவுக்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் மனைவி பெயருக்கோ தம்பி பெயருக்கோ சும்மா எழுதி வைத்த சொத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். ஜாமீன் போட்டவரும் தப்ப மாட்டார். சொத்தும் அடமானமும் இல்லாமல் கைமாற்றும் புரோநோட்டும் மலையாகச் சேர்ந்தவருக்கே இது பயன்படும்.

கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு டிகிரி, அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் தீர்ப்பாணை, வாங்கினாலும் எல்லாவற்றையும் எடுக்க முடியாது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், தொழில் கருவி, மதவழக்கப்படி கழற்றக் கூடாத தாலி இவற்றை ஜப்தி செய்யக் கூடாது. புது வேலை கிடைத்தால் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் நமக்கு. பணக் கடன் டிகிரிக்காகப் பெண்களைக் கைது செய்ய முடியாது.

வீட்டுக்கடன் முழுதும் முடிந்ததும் பத்திரங்களை 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். தாமதம் அவர்கள் தவறென்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. வாங்கிய கையோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமான ரத்து ரசீதைப் பதிவு செய்து, புதிய வில்லங்கச் சான்று எடுத்து, அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.