ஆபரேஷன் அன்னைக்கே கஞ்சி குடிச்சேன்

கர்ப்பப்பைல கட்டி, வயித்த கிழிச்சுத்தான் எடுக்கணும்னு சொன்னப்போ எனக்கு வலிய விட எங்க அத்தைய நினைச்சுதான் பயம். அவிய காலத்துல பத்து நாள் படுக்கை, தண்ணிய பஞ்சுல தொட்டு உதட்டுல வைப்பாங்களாம்.

உதிரப்போக்குல எனக்கு ஹீமோகுளோபின் 8க்கு வந்துருச்சு, அதனால உடனே தேதி குடுக்கல, அயர்ன் ஊசிய டிரிப்ஸ்ல ஏத்தி ரெண்டு மாசம் கழிச்சு 11 ஆனப்புறம்தான் வரச் சொன்னாவ. அதுவரைக்கும் தினம் நடக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ. ஆபரேஷனுக்கு முன்னயே உடம்ப தயார் பண்ணி, முடிஞ்சதும் சீக்கிரமே சாப்பிட வச்சு, நடக்க வச்சு தேத்துற முறையாம் இது, டென்மார்க்ல கேலெட்னு ஒரு சர்ஜன் 1990கள்ல கொண்டு வந்தது.

ஆபரேஷன் எட்டரைக்கு. ஆறு மணிக்கு ஒரு டம்ளர் சீனித்தண்ணி குடின்னு சீட்டுல எழுதியிருந்துச்சு, ஆனா வார்டுல ராத்திரி இருந்த சிஸ்டர் பத்து மணிக்கு மேல சொட்டுத்தண்ணி கூடாதுன்னு ஒரே சத்தம். சீட்ட காட்டுனப்புறம்தான் விட்டாங்க. மயக்கத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்ன வரை தெளிஞ்ச தண்ணி குடிக்கலாமாம், பால், காப்பி ஆகாது. சுகர் உள்ளவங்களுக்கு கணக்கு வேற, கேட்டுக்கோங்க.

சாயங்காலமே கஞ்சி குடுக்கச் சொன்னாவ. "ஏட்டி, தையல் பிரிஞ்சிரும்"னு அத்தை டம்ளர புடுங்கிட்டாவ, இருந்தாலும் திரும்ப வாங்கி குடிச்சிட்டேன். அடுத்தது சூயிங்கம், அத மென்னா சாப்பாடு வருதுன்னு நினைச்சு குடல் அசைய ஆரம்பிக்குமாம். மாடு அசைபோடுத மாதிரி இருக்குன்னு அத்தை மூஞ்சிய திருப்பிக்கிட்டாவ.

மறுநாள் காலைல யூரின் டியூப எடுத்துட்டு நடக்கச் சொன்னாவ. ஒருச்சாஞ்சு படுத்து, கால கட்டிலுக்கு கீழ தொங்கவிட்டு, முழங்கைய ஊனி, தலைகாணிய வயித்துல அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு எந்திக்கணும், இருமுனாலும் அதே தலைகாணிதான். மொத தடவ தலை சுத்தி உக்காந்துட்டேன். நான் பண்ணின தப்பு, வலிச்சா பாத்துக்கலாம்னு காலை மாத்திரைய போடாம வச்சிருந்தது. அத நேரத்துக்கு போட்டாத்தான் நடக்கவே முடியும். மத்தியானம் வார்டு கடைசி குழாய் வரைக்கும் போயிட்டு வந்தேன்.

அன்னைக்கு ராத்திரி காத்து பிரிஞ்சுது. அத்தை அத பக்கத்து பெட்டுக்கெல்லாம் சொல்லியாச்சு, மானமே போச்சு.

மூணாம் நாள் அம்பாசமுத்திரத்துக்கு கார் பிடிச்சு வந்துட்டோம். காய்ச்சல் வந்தாலோ, புண்ணுல நீர் வடிஞ்சாலோ, வயிறு உப்பி வாந்தி எடுத்தாலோ உடனே வரணும்னு சொல்லி அனுப்புனாவ. ஆறு வாரம் குடம் தூக்கக்கூடாது. எங்க தெருவுல தண்ணி விடுறது ராத்திரி ரெண்டு மணிக்கு, இப்போ எங்க வீட்டுக்காரர்தான் முனங்கிக்கிட்டே எந்திச்சு பிடிக்காவ.