குவாங்சோ ஹோட்டலில் ஒரு வாரம்: முன்பதிவு முதல் ஃபாபியாவ் பில் வரை

சீனாவின் குவாங்சோவுக்குத் தொழில் விஷயமாகப் போய் அறை தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது காலண்டரை. 1957 முதல் நடக்கும் கான்டன் ஃபேர் என்ற பெரிய வணிகக் கண்காட்சி ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று கட்டங்களாக வரும். வசந்த காலத்தில் ஏப்ரல் 15–19, 23–27, மே 1–5. இலையுதிர் காலத்தில் அக்டோபர் 15–19, 23–27, அக்டோபர் 31–நவம்பர் 4. முதல் கட்டம் எலக்ட்ரானிக்ஸும் இயந்திரங்களும். இரண்டாவது வீட்டுச் சாமான்களும் பரிசுப் பொருட்களும். மூன்றாவது துணி, காலணி, பொம்மை, மருத்துவப் பொருட்கள். கண்காட்சி நடக்கும் பாஜோ வளாகத்தைச் சுற்றி இந்த நாட்களில் வாடகை இரண்டு மடங்கு, மூன்று மடங்குகூட ஏறும். ரத்து செய்தால் பணம் திரும்பாது என்ற நிபந்தனையும் கூடவே வரும். தொழிற்சாலையை மட்டும் பார்க்கப் போகிறவர் இந்தத் தேதிகளைத் தவிர்த்துவிடுவது நல்லது.

கண்காட்சிக்கே போகிறவர் வளாகத்துக்குப் பக்கத்திலேயே தங்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். மெட்ரோ 8ஆம் பாதையில் ஷின்காங்தோங், பாஜோ என்று இரண்டு நிலையங்கள் வளாகத்தின் வாசலிலேயே இருக்கின்றன. அந்தப் பாதையில் எங்கே தங்கினாலும் வண்டி மாற வேண்டியதில்லை. துணி, ஜிப், பட்டன், லேஸ் வாங்குபவர்களுக்கு அதே பாதையில் இருக்கும் லூஜியாங், ஜோங்தா நிலையங்களின் பக்கம்தான் சரி. பெரிய துணிச் சந்தை அங்கேதான். சிக்கனம் பார்ப்பவர் பக்கத்து ஊரான ஃபோஷானில் தங்கலாம். அங்கிருந்து குவாங்ஃபோ பாதையில் வந்து ஷாயுவான் நிலையத்தில் 8ஆம் பாதைக்கு மாறினால் போதும். காலையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போகும், ஆனால் வாடகையில் மிச்சமாகும் தொகை அதற்கு ஈடு. இந்தியச் சாப்பாடு இல்லாமல் முடியாது என்பவர்கள் ஹுவான்ஷி கிழக்குச் சாலை, தாவ்ஜின் பக்கம் பார்க்கலாம்.

ஹோட்டலில் வரும் தொல்லைகளில் முக்கால்வாசி முன்பதிவுப் பக்கத்திலேயே எழுதியிருக்கும். நாம்தான் படிப்பதில்லை. "தாச்சுவாங்" என்றால் ஒரே பெரிய கட்டில், "ஷுவாங்சுவாங்" என்றால் இரண்டு தனிக் கட்டில். பார்ட்னரோடு போகிறவர் இதைக் கவனிக்காமல் விட்டால், கண்காட்சி நாட்களில் அறை மாற்றித் தர அவர்களிடம் வேறு அறையே இருக்காது. அதைவிட முக்கியம் ஜன்னல். மலிவான அறைகளில் பல ஜன்னலே இல்லாதவை; சிலவற்றில் ஜன்னல் நடைபாதைப் பக்கம் திறக்கும். அறை விவரத்தில் ஜன்னல் பற்றி ஒரு வரி பெரும்பாலும் இருக்கும், தேடிப் பாருங்கள். வசந்த காலத்தில் குவாங்சோவில் "ஹுய்நான்தியான்" என்ற ஈரக்காலம் வரும். தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு நீர்த்துளியாகும், தரை வழுக்கும், துவைத்த சட்டை இரண்டு நாளானாலும் காயாது. அந்தப் பருவத்தில் ஜன்னலில்லாத அறையில் ஒரு வாரம் இருப்பது உடம்புக்கு நல்லதில்லை. புகை வாடை ஆகாதவர் "வூயன்" அறை, அதாவது புகைபிடிக்காத அறை, என்று குறித்துக் கேட்க வேண்டும். இன்னொன்று: குளியலறைக்கும் படுக்கைக்கும் நடுவே வெறும் கண்ணாடிச் சுவர் வைப்பது அங்கே சாதாரணம். திரை இருக்கிறதா என்று படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயம் தமிழர்களுக்கென்றே உள்ள சிக்கல். நம் இந்திய பாஸ்போர்ட்டுகள் பலவற்றில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கும். இல்லையென்றால் அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். முன்பதிவுத் தளமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். எதையாவது இட்டு நிரப்பினால், ரிசப்ஷனில் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தேடுபவருக்கு உங்கள் பெயர் கிடைக்காது. முதலெழுத்தாகச் சுருக்காமல் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுப்பெயரை எழுதுங்கள். காலியான கட்டத்துக்கு அதே பெயரைத் திரும்பவும் போடுங்கள். போனவுடன் முன்பதிவு எண்ணை நீட்டுங்கள். எண்ணை வைத்துத் தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும்.

முன்பதிவு உறுதியானதும் ஹோட்டலின் பெயரையும் முகவரியையும் சீன எழுத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பெரிய சங்கிலி ஹோட்டல்களுக்கு ஒரே ஊரில் பத்து இருபது கிளைகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், கடைசியில் வரும் கிளைப் பெயர் மட்டும் மாறும். அந்த நான்கைந்து எழுத்து விட்டுப்போனால் டாக்ஸி ஊரின் மறுகோடியில் கொண்டுபோய் நிறுத்தும். ஆங்கிலப் பெயரைச் சொல்லிப் பயனில்லை, பல ஹோட்டல்களின் ஆங்கிலப் பெயருக்கும் சீனப் பெயருக்கும் சம்பந்தமே இருக்காது. ரிசப்ஷனில் முகவரி அட்டை கிடைக்கும். வந்ததும் இரண்டு வாங்கி ஒன்றைப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீனச் சட்டப்படி வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் அது காவல்துறையில் பதிவாக வேண்டும். ஹோட்டல் என்றால் அவர்களே பாஸ்போர்ட்டையும் விசாவையும் ஸ்கேன் செய்து அனுப்பிவிடுவார்கள். விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால் இரண்டையும் கொண்டுபோங்கள். ஒரே அறையில் இருவர் என்றால் இருவரும் நேரில் வந்து பாஸ்போர்ட் காட்ட வேண்டும். இரவில் தாமதமாக வரும் நண்பரை நேரே அறைக்குக் கூட்டிப்போவது கூடாது. சப்ளையர் பார்க்க வந்தாலும் அடையாள அட்டை கேட்பார்கள், ஆகவே பேச்சை லாபியிலேயே வைத்துக்கொள்வது மேல். ஸ்கேன் முடிந்ததும் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். டெபாசிட்டுக்குப் பதிலாக அதை மேசையில் விட்டுவைக்க வேண்டாம்.

தொழிற்சாலைக்காரர் தன் அடுக்குமாடி வீட்டில் தங்கச் சொன்னால் அன்பாக மறுப்பதே நல்லது. ஒப்புக்கொண்டால் 24 மணி நேரத்துக்குள் நீங்களோ அவரோ உள்ளூர்க் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். தவறினால் எச்சரிக்கையோடு 2,000 யுவான் வரை அபராதமும் விதிக்கலாம்.

சிறிய ஹோட்டல்களில் "வெளிநாட்டவரை ஏற்பதில்லை" என்ற பதில் இன்னமும் கேட்கும். அப்படி மறுக்கக் கூடாது என்று அரசு 2024இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆனாலும் இரவுப் பணியில் இருக்கும் பையனுக்கு வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைக் கணினியில் ஏற்றத் தெரியாவிட்டால் சட்டம் உடனே உதவாது. குடிவரவுத் துறையின் 12367 என்ற எண் நாள் முழுதும் இயங்கும், ஆங்கிலத்தில் பேசலாம். அங்கே பேசிவிட்டு ஃபோனை ரிசப்ஷனில் கொடுங்கள். இதைவிட, கிளம்புவதற்கு முன்பே ஹோட்டலுக்குச் செய்தி அனுப்பி "இந்திய பாஸ்போர்ட் ஏற்பீர்களா" என்று எழுத்தில் பதில் வாங்கி வைப்பது நிம்மதி.

அடுத்தது "யாஜின்", அதாவது டெபாசிட். நூறு யுவானிலிருந்து ஆயிரம் வரை, ஹோட்டலைப் பொறுத்தது. ரொக்கமாகக் கொடுத்தால் ஒரு சீட்டு தருவார்கள். அந்தச் சீட்டைக் காட்டினால்தான் பணம் திரும்பும், தொலைந்தால் மேலாளர் வரும்வரை காத்திருக்க வேண்டும். பாஸ்போர்ட் உறைக்குள் செருகி வையுங்கள். கிரெடிட் கார்டில் கொடுத்தால் தொகையைப் பிடித்துவைத்து, காலி செய்த பிறகு விடுவிப்பார்கள். நம் வங்கிக் கணக்கில் அது தெரிய நாட்கள் ஆகும், அதுவரை கார்டின் வரம்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கும். சிறிய ஹோட்டல்களின் கார்டு இயந்திரம் சீனாவின் யூனியன்பே கார்டை மட்டுமே எடுக்கும். விசா, மாஸ்டர் கார்டை நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள்.

சீனாவில் எல்லோரும் அலிபே, வீசாட் வழியாகவே பணம் கட்டுகிறார்கள். இந்தியாவில் இந்த இரண்டு செயலிகளும் 2020இல் தடை செய்யப்பட்டவை. ஆகவே இந்தியாவிலிருந்து போகிறவர் முதல் இரண்டு நாளுக்குரிய யுவானை ரொக்கமாகக் கையில் வைத்திருக்க வேண்டும். ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்பது அங்கே விதி, சில்லறை கிடைப்பதுதான் கஷ்டம். பத்து, இருபது யுவான் தாள்களாகக் கேட்டு வாங்குங்கள். இலங்கை, சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு இந்தத் தடை இல்லை. அலிபேயில் வெளிநாட்டுக் கார்டைச் சேர்க்கலாம். 200 யுவானுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தொகைக்கும் 3 சதவீதக் கட்டணம் உண்டு. மலேசியர்களின் டச் அண்ட் கோ செயலியும் அலிபே க்யூஆர் குறியீட்டில் வேலை செய்யும். கார்டைச் சேர்க்கும்போது ஓடிபி ஊர் எண்ணுக்கு வரும், அதனால் அந்த சிம்மைக் கழற்றிவிடாதீர்கள்.

அறைக்குப் போகும் லிஃப்ட்டில் கீ கார்டைக் காட்டினால்தான் பொத்தான் வேலை செய்யும். அங்கே ஒன்றாம் மாடி என்பது நம் தரைத்தளம். 4, 13, 14ஆம் மாடிகள் சில கட்டடங்களில் இருக்காது. கதவருகே உள்ள பள்ளத்தில் கார்டைச் செருகினால்தான் மின்சாரம் வரும், எடுத்தால் சார்ஜும் நின்றுவிடும். இரண்டாவது கார்டு கேட்டால் தருவார்கள். மின்சாரம் ஏறக்குறைய நம்மைப் போலவே, 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆனால் நம் மூன்று முள் பிளக் நுழையாது. நம் மெல்லிய இரண்டு முள் சார்ஜர் பெரும்பாலும் நுழையும். லேப்டாப்பின் மூன்று முள் பிளக்குக்கு அடாப்டர் கட்டாயம். மலேசிய, சிங்கப்பூர்ச் சதுர முள் பிளக்குக்கும் அப்படியே.

ஹோட்டல் வைஃபையில் ஜிமெயில், வாட்ஸ்அப், கூகுள் எதுவும் திறக்காது. ஊர் சிம்மில் சர்வதேச ரோமிங் போட்டிருந்தால் தரவு ஊர் நிறுவனத்தின் வழியாகவே போவதால் எல்லாம் திறக்கும். விலைப்பட்டியலையும் ஒப்பந்தத்தையும் மெயிலில் தேடும் தொழில்காரருக்கு ரோமிங் செலவு வீண் செலவில்லை. மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழியை ஊரிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. மின்கெட்டில் எல்லா அறையிலும் உண்டு, நாளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் இலவசம்.

காலை உணவில் சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்குப் பெரிய துணை வெள்ளைக் கஞ்சி. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் காஞ்சீ என்ற பெயரே நம் "கஞ்சி"யிலிருந்து போனது. ஆனால் பக்கத்திலேயே பன்றி இறைச்சி கலந்த கஞ்சியும் இருக்கும். "பாய்ஜோ" என்று கேட்டால் வெறும் கஞ்சி. மேலே தூவ வைத்திருக்கும் சிறு துணுக்குகளில் காய்ந்த இறாலும் இருக்கலாம். உள்ளீடற்ற மான்தோ பன், சோயா பால், வேகவைத்த சோளம், சர்க்கரைவள்ளி நம்பிக்கையானவை. வதக்கிய கீரையைப் பார்த்து ஏமாற வேண்டாம். பன்றிக் கொழுப்பில் வதக்குவதும் இறைச்சிச் சாறு ஊற்றுவதும் அங்கே வழக்கம். "வோ ச்ச சூ" என்றால் நான் சைவம் என்று பொருள். முட்டை, கொழுப்பு, சாறு எதுவும் வேண்டாம் என்பதைச் சீன எழுத்தில் தனியே காட்டுவதுதான் பலன் தரும்.

சாம்பிள்கள் ஹோட்டலுக்கு வருவதில்தான் தொழில்காரர் அதிகம் இழக்கிறார். கூரியருக்குச் சீன மொபைல் எண் வேண்டும், உங்கள் ஊர் எண்ணுக்கு அவர்கள் அழைக்க மாட்டார்கள். தொழிற்சாலையிடம் ஹோட்டல் ரிசப்ஷன் எண், உங்கள் அறை எண், பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் மூன்றையும் பெட்டியின் மேல் எழுதச் சொல்லுங்கள். ட்ராக்கிங் எண்ணை வாங்கி ரிசப்ஷனில் காட்டிவையுங்கள். பெட்டி வரும் நாளில் நீங்கள் அங்கே தங்கியிருக்க வேண்டும். அறையைக் காலி செய்த பிறகு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடைசி இரண்டு நாளில் எதையும் வரவழைக்காமல், நேரே உங்கள் சரக்கு அனுப்பும் ஏஜென்ட்டின் கிடங்குக்கு அனுப்பச் சொல்வதே பாதுகாப்பு.

காலி செய்யும் நேரம் பெரும்பாலும் பகல் 12. முந்தின நாள் மாலையிலேயே "ஃபாபியாவ்" கேட்டுவிடுங்கள். அரசு வரி முறையில் பதிவாகும் பில் இது. "ஷௌஜு" என்ற சாதாரண ரசீதைக் கொடுத்தால் அதைக் கணக்கில் காட்ட முடியாது. இப்போது ஃபாபியாவ் மின்னணு வடிவில் வருகிறது, மெயிலுக்கு அனுப்புவார்கள். நிறுவனத்தின் பெயரைத் தாளில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். சீன வரி எண் கேட்டால் வெளிநாட்டு நிறுவனம் என்று சொன்னால் போதும். அதில் மொத்தத் தொகை மட்டுமே இருக்கும். ஒவ்வொரு இரவின் வாடகையையும் ஆடிட்டர் கேட்பார் என்றால் "ஷுய்தான்" என்ற விவரப் பட்டியலையும் அச்சடித்து வாங்குங்கள். செயலியில் முன்கூட்டியே பணம் கட்டியிருந்தால் ஃபாபியாவ் தருவது பெரும்பாலும் செயலி நிறுவனம்தான். அப்போது ஹோட்டலில் கேட்டுப் பயனில்லை.

சாவியைக் கொடுத்ததும் மேலே ஆள் போய் அறையைப் பார்த்துவிட்டுத் தகவல் சொல்வார், அதற்கு ஐந்து பத்து நிமிடம் ஆகும். வெள்ளைத் துண்டில் தலைச்சாயமோ மஞ்சளோ ஒட்டியிருந்தால், அறையில் வைத்திருக்கும் விலைப்பட்டியலைப் பார்த்து டெபாசிட்டில் கழிப்பார்கள். எண்ணெய்த் தலையோடு படுப்பவர் பழைய துண்டு ஒன்றை ஊரிலிருந்தே கொண்டுபோகலாம். அறை எடுத்த அன்றே உடைந்தது, கறைபட்டது எதையாவது கண்டால் படம் எடுத்து ரிசப்ஷனில் காட்டிவிடுங்கள். இரவு விமானம் என்றால் பெட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டு எண் சீட்டு தருவார்கள், கட்டணமில்லை. உள்நாட்டு விமானம் ஏறுகிறவர் பவர்பேங்கை ஒருமுறை பாருங்கள்: 2025 ஜூன் 28 முதல் சீனாவின் 3சி தரச் சான்று முத்திரை இல்லாததை விமானத்தில் ஏற்றுவதில்லை.