அழிக்காத கரும்பலகை

முதல்முறை ஹிரோஷிமாவிலிருந்து கிளம்பியபோது "சயோனாரா" சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் வீடுகளில் யாராவது "போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்குவார்களா? விசாரித்தால், "போய்விட்டு வருகிறேன்" என்பதற்கு ஜப்பானியரிடமும் அச்சாக ஒரு சொல் இருக்கிறது: இத்தெகிமாஸ். ஆனால் அது சொந்த வீட்டைவிட்டு வெளியே போகிறவர் சொல்வது. விருந்தாளி சொன்னதும் ஆசிரியர் அறையே சிரித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, அதே ஆசிரியர் பரிமாற்றத் திட்டத்தில் அதே தொடக்கப்பள்ளிக்குப் போனேன். வாசலில் நின்ற தலைமையாசிரியை "ஒகாஎரினசாய்" என்றார். வீடு திரும்பியவரை வரவேற்கும் சொல்.

போன தடவை நான் கண்டு வியந்ததெல்லாம் எல்லோரும் வியப்பவைதான். பிள்ளைகளே வகுப்பறையைத் துடைப்பது, மதிய உணவைத் தாங்களே பரிமாறுவது, உள்ளே போட்டுக்கொள்ளத் தனிக் காலணி. ஊருக்கு வந்து ஆறு மாதம் இதையே பேசிச் சக ஆசிரியர்களைப் படுத்தி எடுத்தேன். சைவம் என்று நம்பி இரண்டு வாரம் ருசித்துக் குடித்த மிசோ சூப், உலர்ந்த மீன் சீவலைக் கொதிக்கவைத்த நீரில் செய்தது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த முறை கண் கரும்பலகையில் நின்றது. நான்காம் வகுப்புக் கணக்கு. 'ட' வடிவ உருவத்தின் பரப்பளவு. இடது ஓரத்தில் தேதி, கேள்வி. நடுவில் பிள்ளைகளின் வழிகள்: ஒருத்தி உருவத்தை இரண்டாக வெட்டிக் கூட்டினாள், ஒருவன் இல்லாத மூலையை நிரப்பிப் பெரிய செவ்வகமாக்கி, பிறகு கழித்தான். ஒவ்வொன்றின் அருகிலும் அவரவர் பெயர் எழுதிய காந்த வில்லை. வலது ஓரத்தில் முடிவு. 45 நிமிடமும் ஆசிரியை அழிப்பானைத் தொடவே இல்லை. ஒரு பாடவேளையில் மூன்று முறை பலகையை நிரப்பி மூன்று முறை துடைக்கிறவன் நான். இதற்கு 'பன்ஷோ' என்று பெயர். பலகை எப்படி அமையும் என்று முன்பே தாளில் வரைந்துகொள்கிறார்கள்.

வகுப்பின் பின்னால் மற்ற ஆசிரியர்கள் குறிப்பேட்டோடு நின்றார்கள். பிறகு நடந்த கூட்டத்தில் அவரைப் பாராட்டவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. "கழித்த பையனுக்கு அது எந்த நொடியில் தோன்றியது?" என்பதிலேயே பாதி நேரம் போயிற்று.

கணித ஆர்வலர்கள் உருகும் ஹகோரோமோ சாக்பீஸ் வாங்க வேண்டும் என்றேன். அந்த நிறுவனம் 2015இல் மூடப்பட்டுவிட்டது, இப்போது கொரியாவில்தான் தயாராகிறது என்று ஓர் இளம் ஆசிரியர் சங்கடத்தோடு சிரித்தார்.

மாலை ஏழரைக்கும் ஆசிரியர் அறையில் விளக்கு எரிந்தது. ஜப்பானில் நடுநிலைப் பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைக்கிறார் என்றது 2018இல் ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு எடுத்த ஆய்வு; பிற நாடுகளையும் சேர்த்த சராசரி 38 மணி. முதல் பயணத்தில் இது என் கண்ணில் படவில்லை. அந்நேரம் என்னை விருந்துக்கு அழைத்துப் போயிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கணக்கு ஆசிரியை என்னை ஃபுகுரோமாச்சி தொடக்கப்பள்ளிக்கு அழைத்துச் சென்றார். 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு வானில் வெடித்த இடத்துக்கு நேர் கீழிருந்து சுமார் 460 மீட்டர். தப்பி நின்ற கான்கிரீட் கட்டடத்தின் சுவர்கள் கரியேறிக் கறுத்துவிட்டன. உறவுகளையும் மாணவர்களையும் தேடி வந்தவர்கள் அந்தக் கறுப்பில் சாக்பீஸால் சேதி எழுதி வைத்தார்கள். பிற்பாடு மேலே பூச்சு பூசப்பட்டது. அதைப் பெயர்த்தபோது எழுத்துகள் உள்ளேயே இருந்தன.

ஆசிரியை ஒரு சேதியை எனக்காக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு சற்று நிறுத்தினார், வருகைப் பதிவேடு வாசிக்கும்போது நாங்கள் நிறுத்துவதுபோல.