சி டிரைவ் சிவந்தால் கல்யாண போட்டோவில் கை வைக்காதீர்கள்

கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்து சி டிரைவின் பட்டை சிவப்பாகிவிட்டது என்றதும் நம் வீடுகளில் முதலில் பலியாவது போட்டோக்கள்தான். பிள்ளைக்குக் காதுகுத்தியது, பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போனது, குற்றாலத்தில் தலை துவட்டிக்கொண்டு நின்றது என்று ஒவ்வொன்றாகத் திறந்து, 'இது மங்கலா இருக்கு' என்று அழித்துக்கொண்டே போவார்கள். போன் போட்டோ ஒன்று பெரும்பாலும் 3, 4 எம்பிதான். 200 போட்டோவை அழித்தாலும் ஒரு ஜிபி தேறாது, அழித்ததும் ரீசைக்கிள் பின்னில்தான் போய் உட்காரும், அதையும் காலி செய்யாவிட்டால் அந்த இடமும் கிடைக்காது.

அம்பாசமுத்திரம் சித்தப்பா போன் போட்டு "ஏலே, சி டிரைவ் செவப்பாயிட்டு, எதைல அழிக்க?" என்றபோது நான் சொன்னதும் இதுதான். "ஒண்ணையும் தொட்டிராதிய சித்தப்பா, எது தின்னுதுன்னு மொதல்ல பாப்போம்." அவருக்கு இன்னொரு வழக்கும் இருந்தது. 256 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) என்று சொல்லி வாங்கியது உள்ளே 238 என்றுதான் காட்டுகிறதாம், கடைக்காரர் ஏமாற்றிவிட்டாராம். பாவம் அவர் என்ன செய்வார். டிஸ்க் தயாரிப்பவர்கள் 100 கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறார்கள், விண்டோஸோ 1024ஐ மூன்று முறை பெருக்கி வருவதைத்தான் ஒரு ஜிபி என்று கணக்கு வைக்கிறது. அந்த 18 ஜிபி அப்படித்தான் போனது.

எது தின்கிறது என்று பார்க்க விஸ்ட்ரீ (WizTree) என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, வீட்டு உபயோகத்துக்கு இலவசம். டிஸ்க்கின் கோப்புப் பட்டியலை நேரடியாகப் படித்துவிடுவதால் ஒரு வாய் காபி குடிப்பதற்குள் பெரிய கோப்பிலிருந்து சின்னது வரை வரிசையாகக் காட்டிவிடும். அதில் மேலே நிற்கிற பெயர்களைப் பார்த்தால் பாதிக்கு மேல் நாம் வைத்ததே இல்லை. ஹைபர்ஃபில்.சிஸ் (hiberfil.sys) என்று ஒன்று, ஹைபர்னேட் செய்யும்போது, அதாவது திறந்திருப்பதை அப்படியே வைத்து மெஷினை அணைக்கும்போது, ரேமில் (தற்காலிக நினைவகத்தில்) இருப்பதை எழுதிவைக்கிற கோப்பு. வழக்கமாக ரேமில் 40 சதவீத அளவுக்கு இருக்கும், அதாவது 16 ஜிபி ரேம் என்றால் 6 ஜிபிக்கு மேல். ஹைபர்னேட்டே செய்யாதவர்கள் கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப்' (powercfg /h off) என்று கொடுத்தால் அந்தக் கோப்பு போய்விடும். கூடவே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போகும், ஆன் ஆவதற்குக் கொஞ்சம் கூட நேரம் எடுக்கலாம், எஸ்எஸ்டியில் அது பெரிதாகத் தெரியாது.

விண்டோஸ் பெரிய அப்டேட் ஆனால் பழைய பதிப்பை அப்படியே விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டரில் தூக்கி வைத்துவிடும். சாதாரணமாக 10 நாளில் அதுவே போய்விடும். அவசரம் என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய் எடுக்கலாம், எடுத்தபிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. அந்தப் பட்டியலிலேயே டவுன்லோட்ஸ் என்றும் ஒரு வரி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் டிக் செய்துவிட்டால் பட்டா, சிட்டா, ஹால் டிக்கெட் எல்லாம் சேர்ந்து போய்விடும். விண்டோஸ் தன் சொந்தக் கோப்புகளை வைக்கிற விண்எஸ்எக்ஸ்எஸ் (WinSxS) என்கிற ஃபோல்டர் பூதம் மாதிரி தெரியும், அதைக் கையால் தொடவே கூடாது. ஒரே கோப்புக்கு இரண்டு இடத்தில் பெயர் இருப்பதால் உண்மையைவிடப் பெரிதாகத்தான் தெரியும்.

சரி, சித்தப்பா மெஷினில் உண்மையான திமிங்கிலம் வேறு. ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடையில் விடிய விடிய நடந்த வில்லுப்பாட்டை அந்தக் காலத்து வீடியோ கேமராவில் போடும் மினிடிவி (MiniDV) கேசட்டில் எடுத்து வைத்திருந்ததை யாரையோ பிடித்து கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார். அந்த வகை வீடியோ ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும். போதாததற்கு அதே கோப்பு டெஸ்க்டாப்பில் ஒன்று, டாக்குமென்ட்ஸில் ஒன்று, 'நியூ ஃபோல்டர் 2'இல் ஒன்று. இரட்டைகளை எடுத்ததுமே டிரைவ் நீலமாகிவிட்டது. ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு, ஹெச்.264 என்கிற சுருக்கும் முறைக்கு மாற்றினால் ஒரு மணி நேரம் ஒன்றிரண்டு ஜிபிக்குள் அடங்கும், டிவியில் பார்க்க அது தாராளம். ஆனால் மூலத்தை அழிக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பாட்டுக்காரர்களில் சிலர் இப்போது இல்லை, கேசட்டும் பூஞ்சை பிடித்துவிட்டது.

அதனால் மூலக் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றச் சொன்னேன், ஒன்றல்ல, இரண்டு டிஸ்க். 2023 டிசம்பரில் தாமிரபரணி வீடுகளுக்குள் வந்தபோது ஒரே பீரோவில் இருந்ததெல்லாம் ஒன்றாகத்தானே நனைந்தது, ஆகவே ஒரு டிஸ்க் பாளையங்கோட்டையில் எங்கள் மாடியில் இருக்கட்டும் என்றேன். இதில் ஒரு சின்ன விஷயம், பழைய டிஸ்க்கோ பென் டிரைவோ எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 100 ஜிபி காலியாக இருந்தாலும் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, கோப்பு பெரியது என்று திருப்பி அனுப்பிவிடும். உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்எஃப்ஏடி அல்லது என்டிஎஃப்எஸ் என்று ஃபார்மட் செய்துகொள்ளுங்கள், அப்புறம் காப்பி போடுங்கள்.