கடுகுக்கு எத்தனை சதவீதம்?

அக்டோபர் 13, 2024, ஞாயிறு. கோத்தகிரி

காலையில் மழை விட்ட இடைவெளியில் எங்கள் நாய் கடுகைத் தூக்கிக்கொண்டு, தேயிலைக் கொழுந்து வாங்குகிற லீஃப் ஷெட்டுக்குப் போனேன். கொழுந்து நிறுக்கும் தராசில் பையோடு தொங்கவிட்டார்கள். 7 கிலோ 200. போன தீபாவளி சமயத்தில் இதே கொக்கியில் 6 கிலோ 100 காட்டியவள். "அக்கா, இது நாயா பூசணிக்காயா?" என்றான் நிறுக்கிற பையன். சிரித்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் வயிற்றைக் கலக்கியது.

கடுகு ஸ்பிட்ஸ் ஜாதி. வெள்ளையாக, சடையாக இருந்தால் எங்கள் ஊரில் எல்லாமே பொமரேனியன்தான். நானும் திருத்துவதை விட்டுவிட்டேன். வயது 7. குட்டியிலேயே கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டது.

ஆரம்பம் எதுவென்று எனக்குத் தெரியும். ஆகஸ்ட்டில் மகள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினாள். "அம்மா, நாய் கறி திங்கிற ஜென்மம். நீ போடுறதுல புரோட்டீனே இல்லை." கடைக்குப் போய்க் கேட்டால், அங்கே இருந்தவர் புரோட்டீன் 32 சதவீதம் என்று கொட்டை எழுத்தில் போட்ட பையை எடுத்து வைத்தார். "கூடக் கூட நல்லது மேடம்." பழையதை அன்றே நிறுத்தி, அன்று ராத்திரியே புதியதைப் போட்டேன். மூன்று நாள் வயிற்றுப்போக்கு. வராந்தாவைக் கழுவிக் கழுவி இடுப்பு போயிற்று. தீனியை மாற்றுவதானால் ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டு, கால் பங்கு கால் பங்காகக் கலந்து மாற்ற வேண்டும். அது என் அவசரம், பையின் குற்றமில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

டாக்டரிடம் போய்வந்தோம். அவர் தராசைக் கூடப் பார்க்கவில்லை. என் கையை வாங்கி மேசையில் தட்டையாக, உள்ளங்கை கீழே இருக்கும்படி வைத்தார். "புறங்கை எலும்பைத் தடவிப் பாருங்க. விலா எலும்பு இப்படித் தட்டுப்படணும்." பிறகு முஷ்டி மடக்கச் சொன்னார். அந்த முட்டி மாதிரித் துருத்தினால் நாய் மெலிவு. கையைத் திருப்பி உள்ளங்கையைத் தடவினால் எலும்பு எங்கோ ஆழத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறதே, அதுதான் குண்டு. கடுகின் விலாவில் கை வைத்தேன். உள்ளங்கையேதான். சடை இத்தனை நாள் எல்லாவற்றையும் மூடி வைத்திருந்தது.

வீட்டில் வேறு பயம். பக்கத்து வீட்டு அக்கா, "புரோட்டீன் அதிகமானா கிட்னி போயிடும், எங்க டாமி அப்படித்தான் போனான்" என்று சொன்னதிலிருந்து அத்தைக்குத் தூக்கமில்லை. டாக்டரிடம் கேட்டேன். நல்ல சிறுநீரகம் உள்ள நாய்க்குப் புரதத்தால் அது கெடாது என்றார். ஏற்கெனவே கெட்டுப்போன சிறுநீரகத்துக்குத்தான் புரதத்தை அளந்து போட வேண்டும். அங்கேயும் முதலில் குறைக்கிறது பாஸ்பரஸ். சிறிய ஜாதிகளில் சிலதுக்குப் பிறவியிலேயே ஈரலைத் தாண்டிப் போகிற ரத்தக் குழாய் இருக்கும், அதுகளுக்கும் புரதம் ஜாக்கிரதை. "இதுக்கு அந்த மாதிரி எதுவும் தெரியலை. ரத்தம் எடுத்துப் பார்த்துடுவோம்."

வயதான நாய்க்குப் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்றுதான் நான் இதுவரை நம்பியிருந்தேன். அது தலைகீழ் என்றார். வயது ஏற ஏறச் சதை தானாகக் கரையும், அதனால் நல்ல புரதம் தேவை.

அக்டோபர் 17, வியாழன்

ரிப்போர்ட் வந்தது. சிறுநீரகம் எப்படி என்று காட்டுகிற கிரியேட்டினின் 0.9, பயமில்லை. சிறுநீரும் சுத்தம். அத்தையிடம் படித்துக் காட்டினேன். "நல்லவேளை" என்று சொல்லிவிட்டு, சந்தோஷத்தில் கடுகுக்கு ஒரு வர்க்கி பிஸ்கெட் கொடுத்தார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 19, சனி

இன்று ஆபீஸில் ஒரு தகராறு. மழைநாள், மூட்டையெல்லாம் சொட்டச் சொட்ட வந்தது. தண்ணீருக்காகக் கழித்த கிலோவுக்கு ஒரு பெரியவர் சண்டை. போட் லீஃப் பேக்டரியில், அதாவது விவசாயிகளிடம் கொழுந்தை விலைக்கு வாங்கித் தூளாக்குகிற ஆலையில், கணக்கு எழுதுகிறவளுக்கு இது புதிதல்ல. 100 கிலோ கொழுந்து வந்தால் தூளாகப் போவது 22, 23 கிலோ. மீதி தண்ணீர், ஆவியாய்ப் போய்விடும். கொழுந்து எடையைத் தூள் எடையோடு ஒப்பிடுகிறவனை நாங்கள் கணக்கில் உட்காரவே விடமாட்டோம்.

சாயங்காலம் அலமாரியில் இரண்டையும் எடுத்து வைத்தபோதுதான் சுரீர் என்றது. ஈரத் தீனி பாக்கெட்டில் புரதம் 8 சதவீதம், ஈரப்பதம் 82. பையில் இருக்கிற உலர் தீனியில் புரதம் 32, ஈரப்பதம் 10. எட்டைப் பார்த்து 'சாறு தண்ணி' என்று ஒதுக்கியிருந்தேன். தண்ணீரைக் கழி. பாக்கெட்டில் மிச்சம் 18. அதில் 8 என்றால் 44 சதவீதம். பையில் மிச்சம் 90. அதில் 32 என்றால் 35.5. நான் ஒதுக்கியதுதான் கெட்டி.

18 வருஷமாக இதே கணக்கைத்தான் போட்டுச் சம்பளம் வாங்குகிறேன். நாய்த்தீனிப் பையில் மட்டும் ஏன் போடத் தோன்றவில்லை?

அமெரிக்காவில் தீனிக்குத் தர அளவு சொல்கிற ஆஃப்கோ அமைப்பு வகுத்த குறைந்தபட்சப் புரத அளவும் தண்ணீர் கழித்த கணக்குத்தான்: வளர்ந்த நாய்க்கு 18 சதவீதம், குட்டிக்கும் குட்டி போட்டுப் பால் கொடுக்கிற தாய்க்கும் 22.5. கடையில் இருக்கிற எந்தச் சுமாரான பையும் இதைத் தாண்டிவிடும். அப்படியென்றால் 'புரோட்டீன் போதுமா' என்ற கேள்வியே எங்கள் வீட்டில் எழவில்லை. எழ வேண்டியது வேறு கேள்வி.

அக்டோபர் 20, ஞாயிறு

வேறு கேள்வி: எத்தனை கலோரி?

டாக்டர் எழுதிக் கொடுத்த சூத்திரத்துக்குப் போன் கால்குலேட்டர் போதும். கடுகு இருக்க வேண்டிய எடை 6 கிலோ. ஆறை மூன்று முறை பெருக்கினால் 216. அதற்கு வர்க்கமூலம், அதற்கு மறுபடி வர்க்கமூலம்: 3.83. அதை 70ஆல் பெருக்கினால் 268. இளைக்கிற வரை ஒரு நாளைக்கு அவ்வளவுதான். இளைத்த பிறகு ஒன்றரை மடங்கு வரை ஏற்றிப் பார்க்கலாமாம்.

நான் போட்டுக்கொண்டிருந்தது? ஸ்டீல் டம்ளரில் குவித்து இரண்டு வேளை. சமையல் தராசில் வைத்தேன்: 118 கிராம். இந்தப் பையில் கொழுப்பு 20 சதவீதம், நார் 3. புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 3.5 கலோரி, கொழுப்புக்கு 8.5. சாம்பல், அதாவது தாது உப்பு, எவ்வளவு என்று அச்சடிக்கவில்லை, 8 என்று வைத்துக்கொண்டேன். எல்லாம் போக மிச்சம் மாவுச்சத்து. 100 கிராமுக்கு 376 வருகிறது. அதாவது நாளுக்கு 440க்கு மேல். வர்க்கி தனி.

இரண்டாவதாக ஒரு பை பார்த்து வைத்திருந்தேன்: புரதம் 27, கொழுப்பு 11, நார் 5. அதற்கும் போட்டால் 100 கிராமுக்கு 325. இனிமேல்தான் வேடிக்கை. 268 கலோரிக்கு முதல் பையில் 71 கிராம் போடலாம், புரதம் 22 கிராம் சொச்சம். இரண்டாவதில் 82 கிராம், புரதம் 22 கிராம் சொச்சம்! நாய்க்குள் போகிற புரதம் ஒன்றே. 32க்கும் 27க்கும் நடுவே நான் கூடுதலாகக் கொடுத்த காசு கொழுப்புக்குப் போயிருக்கிறது. தட்டில் 11 கிராம் கூடவே விழும் என்பதால் கடுகுக்கும் இரண்டாவதுதான் லாபம்.

இன்னும் மலிவாக 18 சதவீதத்தில் ஒன்று இருந்ததே என்று வீட்டுக்காரர் கேட்டார். அது சரிப்படாது. கலோரியைக் குறைத்தாலும் உடம்பு கேட்கிற புரதம் குறைவதில்லை. 80 கிராமில் 14 கிராம்தான் வரும், கொழுப்போடு சதையும் சேர்ந்து கரையும். இளைக்க வைக்கிற நாய்க்குச் சதவீதம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்க வேண்டும்.

அக்டோபர் 26, சனி

இரண்டாவது பையைப் பாதிக்குப் பாதி கலந்தாகிவிட்டது. வயிறு சரி. மூன்றே மணிக்கு வாக்கிங் முடித்துவிடுகிறோம். கீழ் ரோட்டில் கரடி வந்து போனதாகப் பேச்சு, சிறுத்தைக்கோ சின்ன நாய் என்றால் கேட்கவே வேண்டாம்.

பையில் 'குரூட் புரோட்டீன்' என்றுதான் எழுதியிருக்கிறது. என்ன குரூட் என்று தேடினேன். புரதத்தை நேராக யாரும் அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறார்கள். நைட்ரஜன் கறியிலும் இருக்கும், இறகிலும் இருக்கும், தோலிலும் இருக்கும். 2007இல் அமெரிக்காவில் நாய், பூனைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தது இதை வைத்துத்தான். சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமின் கலந்திருந்தார்கள். அது பிளாஸ்டிக் செய்கிற சரக்கு, ஆனால் நைட்ரஜன் ஏகத்துக்கும் உண்டு. சோதனையில் சதவீதம் ஜோராக வந்திருக்கும். எடை ஏறட்டும் என்று கொழுந்து மூட்டையில் வாளித் தண்ணீரை ஊற்றுகிற ஆளை எனக்குத் தெரியும். இவன் அவனுக்கு அண்ணன்.

அதனால் எண்ணை மட்டும் பார்த்தால் ஆகாது, எது முதலில் எழுதியிருக்கிறது என்றும் பார்க்கிறேன். அதிலும் ஒரு சூது. பட்டியல் எடை வரிசை. பச்சைக் கோழிக்கறி தண்ணீரோடு நிறுத்தால் முதலில் வந்து நிற்கும். மறுபடியும் தண்ணீர்!

நவம்பர் 1, வெள்ளி

நேற்று தீபாவளி. கடுகு முழு நாளும் கட்டிலுக்கடியில். கோழிக் குழம்பு எலும்பை யாரும் போட்டுவிடக் கூடாது என்று நான் காவல். வெந்த எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும், குழம்பில் வெங்காயமும் பூண்டும் வேறு, அது நாயின் ரத்தச் சிவப்பணுவையே உடைக்கும். அத்தை கேட்டுக்கொண்டார்கள். "வர்க்கியில வெங்காயம் இல்லையே" என்றும் சொன்னார்கள்.

ஊட்டி வர்க்கிக்குப் போன வருஷம் புவிசார் குறியீடே கிடைத்தது, நானும் டீயில் தோய்த்துத் தின்று வளர்ந்தவள்தான். அதன் பெருமையில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் மைதாவும் கொழுப்பும் அடுக்கடுக்காக வெந்தது. 20 கிராம் வர்க்கி எப்படிப் பார்த்தாலும் 80 கலோரிக்குக் குறையாது. கடுகின் 268இல் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, புரதம் பேருக்கு. நமக்கு ஒரு கடி. அவளுக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு. சின்ன நாயின் கஷ்டமே இதுதான். சதவீதத்தைத் தேடித் தேடி வாங்கினாலும் ஒரு வர்க்கி அதைக் கலைத்துப்போடும்.

"குளிர்ல அதுக்குச் சூடு வேணாமா?" என்றார்கள். ராத்திரி என் போர்வைக்குள் தூங்குகிற நாய்க்கு என்ன குளிர்?

தீனியை 74 கிராமாக்கி, மிச்சத்தில் ஒரு வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு என்று ஒப்பந்தம். 17 கலோரிதான், அத்தனையும் புரதம். அத்தை கையாலேயே கொடுக்கலாம்.

நவம்பர் 10, ஞாயிறு

7 கிலோ 150. இரண்டு வாரப் பட்டினிக்கு 50 கிராமா? அத்தையைச் சந்தேகப்பட்டேன். வர்க்கி டப்பாவை எண்ணிக்கூடப் பார்த்தேன். குறையவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

திருடி பிடிபட்டாள். காலையில் சட்னிக்குத் தேங்காய் கீறிக்கொண்டிருந்தேன், பேச்சுவாக்கில் இரண்டு சில் கீழே போட்டேன். வாசலிலிருந்து அத்தை: "அது என்ன சதவீதம்மா?"

தினமும் போடுகிறேனாம். எனக்கு ஞாபகமே இல்லை, கை தானாகப் போகிறது. நிறுத்தேன்: 22 கிராம். பச்சைத் தேங்காய் 100 கிராமுக்கு 350 கலோரி, 77 கலோரி, ஒரு வர்க்கிக்குச் சமம். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிற கணக்குத் தாளில் என் கையெழுத்துக்குக் கீழே அத்தை பென்சிலால் எழுதியிருக்கிறார்கள்: 'தேங்காய், மருமகள்'.

நவம்பர் 24, ஞாயிறு

6 கிலோ 900. தேங்காய் நின்றது. தீனியைத் தட்டில் போடாமல், பிடி பிடியாக ஹாலில் இறைத்து விடுகிறோம். தேடித் தின்ன அரை மணியாகிறது. மகள் போனில், "அப்போ 32 தப்பாம்மா?" என்றாள். தப்பில்லை. டம்ளர்தான் தப்பு.

டிசம்பர் 8, ஞாயிறு

விலாவைத் தடவினால் முதல் முறையாக எலும்பு தெரிகிறது. புறங்கை அளவு இல்லை, பாதி வழி. தூறலில் நனைந்துகொண்டே லீஃப் ஷெட்டுக்குப் போனோம். சடையெல்லாம் ஒட்டி எலிக்குட்டி மாதிரி இருந்தாள். பையில் போட்டுத் தொங்கவிட்டான். முள் ஆடி நின்றது: 6 கிலோ 650.

பையன் முகத்தைக் கெட்டியாக வைத்துக்கொண்டு நோட்டை எடுத்தான். "அக்கா, தண்ணிக்கு எவ்வளவு கழிக்கட்டும்?"