கர்ப்பகால பிரஷர்: பழைய மாத்திரைகளுக்குப் புது வேலை

ப்ரீ-எக்லாம்ப்சியா என்ற கர்ப்பகால பிரஷர் நோயில், நச்சுக்கொடியிலிருந்து எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதம் மிதமிஞ்சிக் கசிந்து, இரத்தக் குழாயின் உட்சுவரைக் காக்கும் வளர்ச்சிக் காரணிகளைப் பிடித்துக்கொள்கிறது. பிரஷர் ஏறுவதற்கும் சிறுநீரில் புரதம் போவதற்கும் இதுவே முக்கிய காரணம்.

இன்றைக்குக் கைகொடுப்பது ஆஸ்பிரின்தான். 2017 ஆய்வில், ஆபத்து கூடிய தாய்மார் இரவில் 150 மில்லிகிராம் குடித்தார்கள். 37 வாரத்துக்கு முன் வரும் நோய் 62 சதவீதம் குறைந்தது. 16 வாரத்துக்குள் தொடங்கவேண்டும். தேயிலைக் கொழுந்து வேலையை விட்டு வரமுடியாமல் ஐந்தாம் மாதம்தான் கிளினிக்குக்கு வந்தால் பலன் தேய்ந்துவிடும். டாக்டர் சொல்லாமல் பார்மசியில் வாங்கிக் குடிக்காதீர்கள். காய்ச்சல் வந்து டெங்கு சந்தேகமென்றால் ஆஸ்பிரின் குடிப்பதை முதலில் சொல்லுங்கள், இரத்தக்கசிவு கூடும்.

வயிற்று அமிலத்துக்குக் கொடுக்கும் எசோமெப்ரசோல் ஆய்வுகூடத்தில் அந்தப் புரதத்தைக் குறைத்தது, தாய்மாரில் ஏமாற்றியது. தென்னாப்பிரிக்காவில் நோய் ஏற்கனவே வந்த தாய்மாருக்கு நாளுக்கு 3 கிராம் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை கொடுத்தபோது கர்ப்பம் நீடித்தது 17.7 நாள், வெற்று மாத்திரையில் 10.1. புள்ளிவிவரக் கணக்கில் இன்னும் உறுதியில்லை. ஆனாலும் என் கண் இதன்மேல்தான்.